ஆளைக் கொன்ற சுரங்கம் மூடியதற்கு ஏன் அழுகிறார்கள்?

கேள்வி: பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒன்று புரியவில்லை. வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் சுரங்கங்கள் மூடி முப்பது நாற்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் நினைவுநாள், சிலை, மலர்வளையம் என்று இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேரைக் கொன்ற இடம் மூடியதற்கு எதற்கு அழுகை? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 அக்டோபர் 2024, புதன்

நான் அங்கேதான் இருக்கிறேன். ரோந்தா ஃபாஹ் பள்ளத்தாக்கில் பதினோரு வருடம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எல்லோரும் ரோண்டா என்பார்கள். இங்கே இருப்பவர்கள் சொல்வது நம் 'ந்த' மாதிரி, ரோந்தா. மார்புநோய் வார்டில் நர்ஸ் வேலை.

வந்த புதிதில் ஒரு நைட் ஷிஃப்டில் வயதான ஒருவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். முதுகைத் திருப்பினால் முதுகெலும்பின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு நீலப் புள்ளி. சட்டைப் பொத்தானை முதுகில் வரிசையாகத் தைத்த மாதிரி. பச்சை குத்தியிருக்கிறாரோ என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, ஆக்ஸிஜனைக் கூட்ட வேண்டியதாகிவிட்டது. மூன்றடி உயரம்கூட இல்லாத இடத்தில் குனிந்து வேலை செய்யும்போது கூரைப் பாறை முதுகை உரசிக் கிழிக்கும். அந்தக் காயத்தில் கரித்தூள் போய் உட்கார்ந்து, மேலே தோல் மூடிவிடும். நீலம் சாகும்வரை போகாது. இங்கே அதற்குப் பெயரே பொத்தான்கள்தான்.

கேள்விக்கு வருகிறேன். வேலை போனதுதான் அழுகைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். 1913ல் தென் வேல்ஸ் சுரங்கங்கள் எடுத்தது ஏறத்தாழ 5.7 கோடி டன். 1920ல் 2.7 லட்சம் பேர் வேலை செய்தார்கள். ரோந்தாவின் இரண்டு பள்ளத்தாக்குகளிலும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் சுரங்கங்கள் இருந்தன. கடைசியாக நிலக்கரி எடுத்த மார்டி சுரங்கம் 1990 டிசம்பர் 21 அன்று மூடியது. அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. சுரங்கத்துக்காகவே உண்டான ஊரில் சுரங்கம் போனால் என்ன மிஞ்சும்?

3 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. மார்டியில் கடைசிவரை நிலக்கரி எடுத்ததாக எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டு அங்கிளிடம் காலையில் வேலி ஓரமாக நின்று சொன்னேன். உடனே திருத்தினார். மார்டி வாயில் வழியாகக் கரி கடைசியாக மேலே வந்தது 1986 ஜூன் 30. அதன்பின் மலைக்கு அடியிலேயே அந்தப் பக்கத்து டவர் சுரங்கத்தோடு இணைத்து, கரியை அங்கே மேலேற்றினார்கள். மூடிய தேதி சரி, 1990 டிசம்பர் 21. இந்த வித்தியாசத்தில் அவர் ரொம்பக் கறாராக இருந்தார். "நம் ஊர்க் கரியை அடுத்த ஊர் எடையில் எழுதினார்கள்" என்றார்.

5 அக்டோபர், சனி

அங்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதிக்கொள், பெயர் வேண்டாம் என்றார். இங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாயில் வரவில்லை, அங்கிள் என்றே பழகிவிட்டது. வயது 83. பதினைந்து வயதில் கீழே இறங்கினார், 1956ல். நாற்பத்தொன்பது வயதில் மேலே வந்தார், 1990ல். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. நுரையீரலில் தூசி. இங்கே நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அவருக்குத் தூசி இருக்கிறது' என்றால் எல்லோருக்கும் புரியும்.

உங்கள் கேள்வியை அப்படியே அவரிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, "என் பையனை நான் கீழே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் என் கையாலேயே அவனை அடைத்த மாதிரி" என்றார். சரி, அப்போது மூடியது நல்லதுதானே என்றேன். பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

ஒரு பித்தளை டோக்கன். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒரு துளை, நடுவில் மூன்று இலக்க எண், சுற்றிச் சுரங்கத்தின் பெயர். விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. எண் மட்டும் ஆழமாகக் குத்தியிருந்ததால் விரல் நுனிக்கே தெரிந்தது. ஷிஃப்டுக்குப் போகும்போது விளக்கறையில் இதைக் கொடுத்தால் அதே எண்ணுள்ள விளக்கைக் கொடுப்பார்கள். டோக்கன் பலகையில் தொங்கும். மேலே வந்து விளக்கைக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். விபத்து என்றால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். தொங்கும் டோக்கன் எத்தனையோ அத்தனை பேர் கீழே.

வீட்டிலும் அவர் அதே வழக்கத்தை வைத்திருந்திருக்கிறார். வெளியே போனால் டோக்கனை வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார், வந்ததும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சுரங்கம் மூடிய பிறகு தொடங்கிய பழக்கம். பின்கட்டில் இருக்கும் மனைவி ஆணியைப் பார்த்தால் ஆள் வந்தாயிற்றா என்று தெரியும். இப்போது பார்க்க யாரும் இல்லை. ஆனாலும் நடக்கிறது.

9 அக்டோபர்

கேனரிப் பறவை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். காலங்காலமாகக் கூண்டுப் பறவையோடுதான் இறங்கினார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதன் கதை இந்தப் பள்ளத்தாக்கிலேயே, எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

1896 ஜனவரி 27, டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிப்பு. 57 பேர் இறந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் வந்து உடல்களைப் பரிசோதித்தார். தீயிலும் அடியிலும் செத்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடிப்புக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு. மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தம் செர்ரிப்பழம் போல் சிவந்து, செத்தவர் முகம் உயிரோடு தூங்குபவர் போலவே இருக்கும். நர்ஸிங் படிப்பில் இதை ஒரு வரியாகப் படித்தோம். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நம்மைவிடச் சீக்கிரம் மயங்கும் சின்னப் பிராணியைக் கொண்டுபோங்கள் என்று சொன்னவர் அவர்தான். அப்படி வந்ததுதான் கேனரி. மின்னணுக் கருவி வந்து அதை அனுப்பிவிட 1986ல்தான் முடிவெடுத்தார்கள்.

அங்கிளிடம் சொன்னேன். பறவைகள் விளக்கறைக்குப் பக்கத்தில்தான் இருந்தன, ஷிஃப்ட் தொடங்கும் நேரம் பாடும் என்றார். பாட்டு வரவில்லை என்றால் ஆட்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான், தங்களைக் கீழே இறக்கும் கூண்டில் ஏறுவார்களாம்.

14 அக்டோபர், திங்கள்

இன்று லீவு. செங்ஹெனித் போய்வந்தேன். மலைக்கு அந்தப் பக்கம், வேறு பள்ளத்தாக்கு.

1913, இதே நாள், காலை எட்டு மணியை ஒட்டி யுனிவர்சல் சுரங்கத்தில் வெடிப்பு. 900க்கு மேல் ஆட்கள் கீழே இருந்தார்கள். 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனின் சுரங்க விபத்துகளில் இதைவிடப் பெரியது கிடையாது. முதலில் மீத்தேன் பற்றுகிறது. அந்த அதிர்ச்சியில் தரையில் படிந்த கரித்தூள் எழும்பிக் காற்றில் கலக்கிறது. பிறகு அந்தத் தூளே வெடிமருந்தாகி, ஒரு வெடிப்பு அடுத்ததைக் கொளுத்திக்கொண்டு சுரங்கம் முழுக்க ஓடுகிறது. அதே சுரங்கம் 1901லும் வெடித்து எண்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. கரித்தூளின் ஆபத்து தெரியாமல் நடந்ததில்லை.

விசாரணைக்குப் பின் மேலாளருக்கு மொத்த அபராதம் 24 பவுண்டு. அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. 24 பவுண்டு என்றால் 5,760 பென்னி. 440ஆல் வகுத்துப் பாருங்கள், தலைக்கு 13 பென்னி. இந்த வகுத்தல் இந்த ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும்.

நூறாவது வருடம், 2013ல் தேசிய நினைவிடம் திறந்தார்கள். மீட்புப் பணியாளர் ஒருவர் சரிந்துபோன தொழிலாளியைத் தாங்கிப் பிடிக்கும் வெண்கலச் சிலை. சுவரில் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு தடவை அடுத்தடுத்து வருகிறது. அப்பாவா மகனா, அண்ணன் தம்பியா என்று வயதைப் பார்த்து நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். பதினான்கு வயதுப் பையன்களும் இருக்கிறார்கள். ஒரு பாட்டி தன் பேத்தியின் கையைப் பிடித்து ஒரு பெயரின் மேல் வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவவிட்டார். பேச்சே இல்லை. நான் திரும்பி வரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

15 அக்டோபர்

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். இரண்டாம் தேதி 'வேலை போனதுதான் காரணம்' என்று எழுதினேன். அது பாதி. வேலை போனதற்கு அழுகிறவர்கள் 1913ல் இறந்தவர்களின் பெயரைத் தடவிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று பலகையைப் பார்த்தே வாழ்ந்த ஊர்கள் இவை. சுரங்கத்தை மூடியவர்கள் வாயிலைக் காங்கிரீட் போட்டு அடைத்துவிட்டுப் போனார்கள். கணக்கை யாரும் முடிக்கவில்லை. நேற்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். இன்னும் யோசிக்க வேண்டும்.

21 அக்டோபர், திங்கள்

இன்று அபர்வான். இதைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்திலிருந்து கரியோடு வரும் கல்லையும் சேற்றையும் மலைமேல் கொட்டுவார்கள். இங்கே அதை 'டிப்' என்பார்கள், நாம் கழிவு மேடு என்று வைத்துக்கொள்வோம். அபர்வானுக்கு மேலே மெர்தர் வேல் சுரங்கத்தின் மேடுகள் ஏழு. ஏழாவதை ஊற்று ஓடும் இடத்திலேயே கொட்டிவந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று நகரப் பொறியாளர் 1963லேயே கடிதம் எழுதியிருந்தார்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. மறுநாளிலிருந்து அரைப்பருவ விடுமுறை. காலை 9.15, குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடு இளகிக் குழம்பாகி மலையிலிருந்து இறங்கி பான்ட்கிளாஸ் பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். சுற்றுப்பட்ட சுரங்கங்களிலிருந்து ஆட்கள் முகத்தில் கரியோடு ஓடிவந்து கையால் தோண்டினார்கள். தோண்டத் தெரிந்த கைகள் அவை. பல தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளைத்தான் தோண்டினார்கள். அன்று 11 மணிக்குப் பிறகு யாரும் உயிரோடு வெளியே வரவில்லை.

மரண விசாரணையில் ஒரு தகப்பன், காரணம் மூச்சுத்திணறல் என்று எழுதாதீர்கள், நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று எழுதுங்கள் என்றார். விசாரணை ஆணையம் 76 நாள் உட்கார்ந்து, பழி, சுரங்கங்களை நடத்திய அந்த அரசு வாரியத்தின் மேல்தான் என்று 1967ல் சொன்னது. யாரும் தண்டிக்கப்படவில்லை. ஒருவர் வேலையும் போகவில்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு நெஞ்சு ஆறாதது. ஊருக்கு மேலே மிச்ச மேடுகள் அப்படியே நின்றன. எடுங்கள் என்று ஊர் கெஞ்சியது. கடைசியில், உலகம் முழுக்க மக்கள் அந்தப் பெற்றோருக்கு அனுப்பிய உதவி நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டுதான் மேடுகளை அகற்றினார்கள். பிள்ளையைக் கொன்ற குப்பையை அள்ள, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பணம். 1997ல் அந்தத் தொகையை வட்டியில்லாமல் திருப்பித் தந்தார்கள். 2007ல்தான் வேல்ஸ் அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது.

அங்கிளுக்கு அன்று இருபத்தைந்து வயது. மார்டியிலிருந்து லாரியில் போனவர்களில் அவரும் ஒருவர். எட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். இதைப் பற்றி அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருக்கிறார். நடுநடுவே விசில் அடிப்பார்களாம். உடனே ஆயிரம் பேரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நிற்பார்களாம்.

இன்று மாலை அவர் வீட்டில் விளக்கு எரியவில்லை. நானும் கதவைத் தட்டவில்லை.

31 அக்டோபர்

இன்று நல்ல செய்தி. நேற்றைய பட்ஜெட்டில் சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியின் 150 கோடி பவுண்டு இருப்பைத் தொழிலாளர்களுக்கே கொடுப்பதாக அறிவித்துவிட்டார்கள். 1994ல் சுரங்கத் துறையைத் தனியாரிடம் விட்டபோது, நிதிக்கு அரசு உத்தரவாதம் தரும், அதற்குப் பதில் உபரியில் பாதியை எடுத்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. அப்படி அரசு எடுத்தது 400 கோடிக்கு மேல். 1,12,000 பேருக்கு ஓய்வூதியம் 32 சதவீதம் கூடுகிறது, வாரத்துக்குச் சராசரி 29 பவுண்டு.

அங்கிள் கேக் வாங்கிக் கொடுத்தார். சந்தோஷமா என்று கேட்டேன். "என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்கக் காத்திருக்க முடியவில்லை" என்றார்.

10 நவம்பர், ஞாயிறு

கேள்வியிலிருந்து விலகிப் போகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்று இன்னும் விலகத்தான் போகிறேன். சாவைப் பற்றி மட்டும் எழுதினால் இந்த ஊரைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஆகிவிடும்.

இங்கே ஒவ்வொரு ஊரிலும் தொழிலாளர் மன்றம் என்று ஒரு கட்டடம் இருந்தது. முதலாளி கட்டிக் கொடுத்ததில்லை. வாரச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த பென்னிகளில் எழும்பியது. கீழே கூட்ட அரங்கு, மேலே நூலகம். 1930களில் வேல்ஸ் சுரங்கப் பகுதிகளில் நூறுக்கு மேல் இப்படி நூலகங்கள் இருந்தன, சராசரியாக ஒவ்வொன்றிலும் 3,000 புத்தகம். நைட் ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்து பொருளாதாரமும் தத்துவமும் படித்திருக்கிறார்கள். சுரங்கங்கள் மூட மூடப் புத்தகங்கள் எடைக்குப் போயின. தப்பித்தவற்றைச் சேர்த்து 1973ல் ஸ்வான்சீயில் சுரங்கத் தொழிலாளர் நூலகம் என்று ஒன்று வைத்தார்கள்.

அதே பென்னியில்தான் மருத்துவமும். ட்ரெடீகர் ஊரில் தொழிலாளர்கள் சம்பளத்தில் சில பென்னி போட்டு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டர், நர்ஸ், மருந்து, கண்ணாடி, பல், எல்லாம் அதிலேயே. அந்த ஊரில் பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் போன பையன் அனைரின் பெவன். பிறகு மந்திரியாகி 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். என் ஊர் பல காலமாக அனுபவித்ததை நாடு முழுக்கக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்றார். எனக்கு மாதச் சம்பளம் தரும் அமைப்பு அது. அதன் வேர் சுரங்கத்தில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, வார்டில் நீலத் தழும்போடு வருகிற ஒவ்வொருவரையும் நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. அவர்கள் கட்டியதில்தான் நான் நிற்கிறேன்.

இங்கே நம் ஆட்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கரித்தூசி நிறைந்த இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வர உள்ளூர் டாக்டர்கள் தயங்கிய காலத்தில், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலர் இங்கே கிளினிக் வைத்துப் பல வருடம் பார்த்தார்கள். நான் இந்தியா என்றதுமே கிழவிகள் தங்கள் பழைய டாக்டரின் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் பாட்டு. பென்டிரஸ் ஆண்கள் பாடகர் குழு 1924ல் டைலர்ஸ்டவுனில் தொடங்கியது, வேலையில்லாமல் தெருவில் நின்றவர்கள் சேர்ந்து. இன்னும் பாடுகிறார்கள். அங்கிளும் அடிக்குரல் பாடியவர்தான். இப்போது ஒரு வரிக்கு மேல் மூச்சு வராது. வானொலியில் பாட்டு வந்தால் உதடு மட்டும் அசையும்.

இங்கே வந்து நான் கற்ற முதல் வார்த்தை 'குட்ச்'. மாடிப்படிக்கு அடியில் கரி போட்டு வைக்கும் சின்ன மூலைக்கும் அதுதான் பெயர், ஒருவரை அணைத்துக்கொள்வதற்கும் அதுதான் பெயர். கரி வைத்த மூலைதான் வீட்டிலேயே கதகதப்பான இடமோ என்னவோ.

11 நவம்பர்

ஸ்டிரைக் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து, 1984 மார்ச்சிலிருந்து 1985 மார்ச் வரை ஒரு வருடம். மார்டியில் ஒருவர்கூட அந்த வருடம் முழுக்க வேலைக்குத் திரும்பவில்லை. தோற்றபின் 1985 மார்ச் 5 அன்று பேண்டு வாசித்துக்கொண்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு, ஊரே கூட நடக்கச் சுரங்க வாசலுக்குத் திரும்பினார்கள். அங்கிள் அந்த ஊர்வலத்தில் இருந்தார். பெண்கள் மன்றத்தில் பொதுச் சமையல் நடத்தினார்கள். அவர் மனைவி அதற்கு முன் மேடை ஏறியதே இல்லை. அந்த வருடம் மூன்று ஊரில் போய்ப் பேசினாராம்.

மறைக்கவும் கூடாது. அந்த ஸ்டிரைக்கில்தான், வேலைக்குப் போன ஒருவரை ஏற்றிச் சென்ற டாக்சியின் மேல் பாலத்திலிருந்து காங்கிரீட் கல்லைப் போட்டதில் ஓட்டுநர் இறந்தார், 1984 நவம்பர் 30. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அங்கிள் இதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை.

25 நவம்பர், திங்கள்

எல்லோரும் விசாரித்தீர்கள், நாங்கள் பத்திரம். பெர்ட் புயல். சனி இரவெல்லாம் மழை. பொன்டிப்ரீத்தில் கடைகளுக்குள் ஆறு புகுந்துவிட்டது. நேற்று கும்டிலெரியில் பழைய கழிவு மேடு சரிந்து தெருவுக்குள் கறுப்புச் சேறு வந்தது. ஏறத்தாழ நாற்பது வீட்டுக்காரர்களை வெளியேற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

சுரங்கம் மூடிவிட்டதே, இன்னும் எதற்கு நினைவு என்று கேட்டவருக்கு இதைக் காட்ட வேண்டும். வேல்ஸில் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவு மேடுகள் 2,500க்கு மேல். 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது டைலர்ஸ்டவுனில் ஒன்று சரிந்தது, 60,000 டன் ஆற்றுக்குள் போனது. எதிர்க்கரை மலையில் அந்தத் தழும்பை நான் தினமும் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன்.

சனி இரவு இரண்டு மணிக்கு அங்கிள் வீட்டு மாடி ஜன்னலில் ஆள் நிற்பது தெரிந்தது. போன் செய்தேன். தூங்கவில்லையா என்றேன். "மழை பெய்தால் இந்த ஊரில் என் வயதுக்காரர்கள் யாரும் தூங்க மாட்டோம், மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார். நானும் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

12 டிசம்பர்

மேடுகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று இந்த வாரம் வேல்ஸ் நாடாளுமன்றத்தில் மசோதா வந்திருக்கிறது. ரொம்பத் தாமதம்தான். ஆனாலும் எனக்கு மகிழ்ச்சி.

டவர் சுரங்கம் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அது உண்மை. 1994ல் லாபமில்லை என்று மூடினார்கள். 239 தொழிலாளர்கள் ஆளுக்கு 8,000 பவுண்டு, வேலை போனதற்குக் கிடைத்த பணத்திலிருந்தே போட்டு, சுரங்கத்தை வாங்கினார்கள். 1995 ஜனவரியில் திறந்தார்கள். பதின்மூன்று வருடம் லாபத்தோடு நடத்தினார்கள். கரி தீர்ந்தபின் 2008ல் அவர்களே மூடினார்கள். அங்கே கடைசி நாளில் பாட்டும் இருந்தது, கண்ணீரும் இருந்தது, கோபம் இல்லை. மார்டி மூடிய நாளைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் இங்கே முகம் இறுகும். மூடியதில் வித்தியாசம் இல்லை. யார் முடிவு செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அக்டோபர் 15 அன்று கணக்கு என்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அப்போது எனக்கு இந்தப் பாதி பிடிபடவில்லை.

18 டிசம்பர்

அங்கிளை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சுச்சளி. என் வார்டு இல்லை. பூனைக்குச் சாப்பாடு வைக்க அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. டோக்கன் ஆணியில் தொங்குகிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியில் வைத்து இறக்கும்போது, கொஞ்சம் நிறுத்தச் சொல்லி மாட்டிவிட்டுத்தான் போனார்.

21 டிசம்பர், சனி

மார்டி மூடி இன்றோடு முப்பத்துநாலு வருடம். நேற்று இரவு ஒன்பது மணிக்கு அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு ஷிஃப்ட், பார்க்க முடியவில்லை. காலையில் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். மிளகு தூக்கலாகப் போட்டால் நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது என்பார். கதவைத் திறந்து முதலில் ஆணியைத்தான் பார்த்தேன். காலியாக இருந்தது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. ஸ்பூன் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.